உச்சிப்புளியா, புது இடமா, மதுரையே போதுமா?

2025 மார்ச் பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததிலிருந்து எங்கள் கரையில் டீக்கடை முதல் கல்யாணப் பந்தி வரைக்கும் இதே பேச்சுதான். உச்சிப்புளியில்தான் கடற்படை ஓடுதளம் இருக்கிறதே, அதையே திறந்துவிட வேண்டியதுதானே என்று ஒரு பக்கம். அது ராணுவ இடம், நமக்கு எதற்கு, தனியாகக் கட்டட்டும் என்று இன்னொரு பக்கம். மதுரை இருக்கிறது, தூத்துக்குடி இருக்கிறது, இருக்கிற பணத்தில் ரோட்டைப் போடுங்கள் என்று மூன்றாவது கட்சி. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாரும் நிலத்தின் விலையையும் தூரத்தையும்தான் கணக்குப் போடுகிறார்கள். காற்று எந்த நேரத்தில் எப்படி அடிக்கிறது, அந்த நேரத்தில் ஓடுதளம் யார் கையில் இருக்கும், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களை நான் காணவில்லை. முடிவு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் காற்று. இதை நம் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசி கடைசியில் கச்சான் காற்று எழும்பினால் ஆவணி வரைக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஓயாது. தென்மேற்கிலிருந்து வருகிற பருவக்காற்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் புகுந்து வேகம் பிடிக்கிறது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 வரை என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வருவது அந்த மாதங்களில் சாதாரணம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள் என்பது ஊரறிந்த கதை. அப்புறம் ஐப்பசி முதல் வாடை, மழை, தாழ்ந்த மேகம், பாம்பன் துறைமுகத்தில் ஏறும் புயல் கூண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு என்ன ஆனது என்று திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். தை முதல் பங்குனி வரை வானமும் கடலும் அமைதி, ஆனால் தை, மாசியில் சில நாள் விடியற்காலைப் பனிமூட்டம் எதிரே வருகிற பஸ்ஸைக்கூட மறைத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது மாதத்தைவிட நாளின் நேரம். கச்சான் காலத்திலும்கூட விடியற்காலையில் காற்று கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். பத்து, பதினொன்று மணிக்குப் பனை ஓலை சடசடக்கத் தொடங்கும், நிலம் சூடேறும், கடல்காற்று அதோடு சேர்ந்துகொள்ளும், பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு உச்சத்துக்குப் போய்விடும். சூரியன் சாய்ந்த பிறகுதான் மெல்ல இறங்கும். அதாவது பறப்பதற்கு நல்ல நேரம் காலைதான். இது பயணிகள் விமானத்துக்கும் பொருந்தும், கடற்படைப் பயிற்சிக்கும் பொருந்தும், ஆளில்லா விமானத்துக்கும் பொருந்தும். மூன்று பேருக்கும் ஒரே நேரம் வேண்டும். சண்டை அங்கே தொடங்குகிறது.

விமானத்துக்கு எதிர்காற்று நல்லது, குறுக்குக் காற்றுதான் தொல்லை. 25 நாட் காற்று, அதாவது மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓடுதளத்தின் திசைக்கு 30 டிகிரி சாய்ந்து அடித்தால் பக்கவாட்டில் தள்ளுவது அதில் பாதி, பன்னிரண்டரை நாட். அதே காற்று 60 டிகிரி சாய்ந்தால் பக்கவாட்டுத் தள்ளல் 21 நாட்டுக்கு மேல். செஸ்னா 172 மாதிரியான பயிற்சி விமானத்துக்குத் தயாரிப்பாளர்கள் சோதித்துக் காட்டிய குறுக்குக் காற்று 15 நாட். ஒன்பது பேர் ஏறும் கேரவன் வகைக்கு 20. எழுபது பேர் ஏறும் ஏடிஆர் 72-க்கு 35. இவை சட்டத் தடை எண்கள் அல்ல என்றாலும், நிறுவனங்கள் தங்கள் விமானிகளுக்கு வரம்பு வைக்கும்போது இவற்றை ஒட்டித்தான் வைக்கின்றன. ஆக, விமானம் சிறியதாக ஆக, நம் ஆனி, ஆடிக் காற்று பெரியதாகிக்கொண்டே போகிறது.

இனி உச்சிப்புளிக்கு வருவோம். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், ரோடும் ரயிலும் பக்கத்திலேயே. ராமேஸ்வரம் கோயிலுக்கு நாற்பது கிலோமீட்டருக்குள். ராமநாதபுரம் கடற்படை விமானப் பிரிவாகத் தொடங்கியது, 2009-இல் ஐஎன்எஸ் பருந்து என்று முழுத் தளமானது. 2012-இல் ஆளில்லா விமானங்களுக்கென்று ஐஎன்ஏஎஸ் 344 என்ற அணி இங்கே அமைந்தது. பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கண்காணிப்பது இதன் வேலை. காணாமல் போன படகைத் தேடுவதற்கும் கடற்படை விமானங்களைத்தான் நம் ஆட்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்தத் தளம் அங்கே இருப்பது நம் மீனவர் வீடுகளுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதை மறந்துவிட்டு, எங்களுக்குக் கொடு என்று மட்டும் கேட்பது சரியில்லை.

உச்சிப்புளியின் பெரிய லாபம் செலவு. ஓடுதளம், கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்பு, வேலி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன, பயணிகளுக்கு ஒரு சிறிய முனையமும் விமானம் நிற்க இடமும் சேர்த்தால் போதும் என்பார்கள். அந்த நம்பிக்கையில்தான், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்திலேயே இதன் பெயர் அடிபட்டது. ஆனால் இப்போதுள்ள ஓடுதளம் ஏர்பஸ், போயிங் வகை ஜெட் இறங்குகிற அளவில்லை. கடல் மட்டத்தில் இருக்கிற இடம்தான் என்றாலும் வெயில் 38 டிகிரியைத் தொடும்போது காற்று மெலிந்து, 2,700 அடி உயரத்தில் ஓடுகிற மாதிரிதான் விமானம் நடந்துகொள்ளும், மேலே எழும்ப இன்னும் கூடுதல் நீளம் கேட்கும். எனவே நீட்டாமல் தொடங்கினால் சின்ன விமானம்தான் வரும். சின்ன விமானம் என்றால், மேலே சொன்ன குறுக்குக் காற்றுக் கணக்கில் முதலில் சிக்குவதும் அதுதான். குட்டை ஓடுதளம் சின்ன விமானத்தைக் கேட்கிறது, இந்தக் கரையின் காற்று பெரிய விமானத்தைக் கேட்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் உச்சிப்புளியைத் திறந்தால், ஆனியிலும் ஆடியிலும் அடிக்கடி ரத்தாகிற ஒரு சேவைதான் கிடைக்கும், ஆடி அமாவாசைக் கூட்டம் வருவதும் அப்போதுதான்.

அடுத்தது நேரம். கடற்படைத் தளத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி இருக்கும் என்று தெரிய கோவாவைப் பாருங்கள். டபோலிம் விமான நிலையம் ஐஎன்எஸ் ஹன்சா என்ற கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. வார நாட்களில் காலை எட்டரை மணி வாக்கில் தொடங்கி மதியம் வரைக்கும் கடற்படைப் பயிற்சிக்கு ஒதுக்கம், பயணிகள் விமானங்கள் மிச்ச நேரத்தில் நெரிசலாக இறங்கி ஏறும். பல ஆண்டுகள் இப்படியே ஓட்டிவிட்டு, கடைசியில் மோபாவில் தனி விமான நிலையம் கட்டி 2023 ஜனவரியில் திறந்தார்கள். விசாகப்பட்டினமும் ஐஎன்எஸ் டேகாவுடன் பகிர்ந்துகொண்டதுதான், அங்கேயும் போகாபுரத்தில் புதிதாகக் கட்ட இறங்கினார்கள். இரண்டு ஊரும் பெரிய ஊர், கூட்டம் அதிகம், நம்மோடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் காலை நேரம் கடற்படைக்கு என்கிற ஏற்பாடு இங்கேயும் வந்தால், நமக்கு மிஞ்சுவது பதினொன்று மணிக்குப் பிறகுள்ள நேரம், அதாவது காற்று தலைதூக்குகிற நேரம். கோவாவில் அது வெறும் நெரிசல். உச்சிப்புளியில் அது விமானம் இறங்குமா, மதுரைக்குத் திரும்புமா என்கிற கேள்வி.

ஆளில்லா விமானங்கள் இன்னொரு சிக்கல். அவை மெதுவாக, மணிக்கணக்கில் பறப்பவை. அவை ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வான்வெளியைப் பயணிகள் விமானத்திடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். எதிரே ஏதாவது வருகிறதா என்று ஜன்னல் வழியே பார்க்க அதில் விமானி இல்லை, தரையிலிருந்துதான் ஓட்டுகிறார்கள். பத்து நிமிடம் காத்திருங்கள் என்று சொன்னால் ஏடிஆர் வட்டமடித்துக் காத்திருக்கும், எரிபொருள் போகும், சென்னையில் அடுத்த பயணம் தாமதமாகும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ பயணம் என்றால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் இரு தரப்புக்கும் கஷ்டம்.

இதற்கெல்லாம் கோவா வரைக்கும் போகவே வேண்டாம், கடலுக்கு அந்தப் பக்கம் பலாலி இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம், பிறகு இலங்கை விமானப்படையின் கையில், கடலை ஒட்டியே. 2019 அக்டோபரில் அதை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்து, சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் போகத் தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா வந்து நின்றது, மறுபடி 2022 டிசம்பரில்தான் பறந்தது. பெரிய முனையத்துக்காகக் காத்திருக்காமல், எழுபது பேர் ஏறும் விமானத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஓடுதளத்தைச் சீர்செய்து தொடங்கியதால்தான் அது சாத்தியமானது. உச்சிப்புளிக்கு ஆதரவாக நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம் இதுதான். ஒன்பது பேர் விமானத்தை வைத்துத் தொடங்கியிருந்தால் பலாலி இந்த அளவு வந்திருக்காது.

இப்போது புது இடம். இதற்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை: திசை. நம் ஊரின் இரண்டு பெரிய காற்றும் ஒரே கோட்டின் இரண்டு முனையிலிருந்துதான் வருகின்றன, கச்சான் தென்மேற்கிலிருந்து, வாடை வடகிழக்கிலிருந்து. அந்தக் கோட்டிலேயே ஓடுதளத்தைப் போட்டால் ஆண்டின் பெரும்பகுதி எதிர்காற்றுதான், இறங்கும் முனையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். தெற்கிலிருந்து வருகிற சோழகமும் பிற்பகல் கடல்காற்றும்தான் பக்கவாட்டில் படும். ஆண்டில் குறைந்தது 95 சதவீத நேரமாவது குறுக்குக் காற்று வரம்புக்குள் இருக்கும்படி ஓடுதளத்தை அமைக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. புது இடத்தில் முதலில் காற்றை அளந்துவிட்டு அப்புறம் கோடு போடலாம். இருக்கிற ஓடுதளத்தைத் திருப்பி வைக்க முடியாது.

ஆனால் புது இடம் என்றால் எங்கே? ஜெட் இறங்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள தரை, அதன் இரண்டு முனையிலும் தடையில்லாத வெளி. ராமநாதபுரம் மாவட்டத்தில் அவ்வளவு நீளத்துக்குக் கோடு போட்டால் ஒரு கண்மாயாவது குறுக்கே வரும். கண்மாய் என்றால் பறவை. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர் என்று வரிசையாகச் சரணாலயங்கள், இவற்றில் பல, உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியலில் இருப்பவை. மழைக்குப் பிறகு கூழைக்கடாவும் நாரையும் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகிற இடங்கள் அவை. தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை. ஒரு கூழைக்கடா இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பறவை மோதும் ஆபத்து உச்சிப்புளிக்கும் உண்டு, கரையோரம் கருவாடு காயப்போடும் இடங்களில் பருந்தும் காக்கையும் சுற்றாத நாள் கிடையாது. ஆனால் அங்கே பல ஆண்டுகளாகப் பறந்து பழகியவர்கள் இருக்கிறார்கள். புது இடத்தில் அந்த அனுபவம் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். நிலம் எடுப்பு, சுற்றுச்சூழல் அனுமதி, கடற்கரை ஒழுங்குமுறை, பக்கத்திலேயே மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா, இவற்றையெல்லாம் தாண்டி முதல் விமானம் இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கண்மாயைத் தூர்த்துத்தான் கட்ட வேண்டும் என்றால், விமான நிலையம் வேண்டாம் என்றே நான் சொல்லுவேன். இந்த மாவட்டத்தில் தண்ணீரைவிடப் பெரிய தேவை எதுவும் இல்லை.

மதுரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் போய்வந்த இடம்தான். 7,500 அடி ஓடுதளம், சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் சேவைகள், கொழும்பு, துபாய் உண்டு, 2024 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இயங்க ஏற்பாடு. உள்நாட்டில் இருப்பதால் கடல்காற்றுத் தொல்லையும் உப்புக்காற்றும் இல்லை. பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை 1,853 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது முடிந்தால் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு மதுரை இன்னும் பக்கமாகிவிடும். சாயல்குடி, கடலாடிப் பக்கத்துக்காரர்களுக்குத் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் தோது. 2025 ஜூலையில் புது முனையத்தோடு, 3,115 மீட்டருக்கு நீட்டிய ஓடுதளமும் வந்துவிட்டது. ஆனால் ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபத்துக்காரர்களுக்கு மதுரை என்பது அப்போதும் ஏறத்தாழ 150 கிலோமீட்டரும் அதற்கு மேலும்தான். வளைகுடா நாட்டிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற கீழக்கரைப் பையன் அதைப் பெரிதாக நினைக்க மாட்டான். நெஞ்சுவலியோடு பாம்பனிலிருந்து புறப்படுகிறவருக்கு அது வேறு கணக்கு. அந்த நோயாளிக்கு வேண்டியது விமான நிலையம்கூட இல்லை, உச்சிப்புளியிலோ மண்டபத்திலோ இரவிலும் ஏறி இறங்குகிற ஒரு ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரும் நல்ல மாவட்ட மருத்துவமனையும்தான். இதை விமான நிலையப் பேச்சோடு சேர்த்துக் கேட்பதற்கு இதுதான் நேரம்.

தனியார் விமானிகள், பயிற்சிப் பள்ளி என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கடற்கரைப் பிள்ளைகள் இங்கேயே பறக்கக் கற்றுக்கொள்ளலாமே என்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ராணுவத் தளத்தில் அது நடைமுறையில் கடினம். தளத்தை வைத்திருப்பவரின் முன் அனுமதி வேண்டும், பறப்புத் திட்டமும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வேண்டும், யார் வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்ற விவரம் முன்கூட்டியே போக வேண்டும், தளத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. ஆபத்தில் இருக்கிற விமானத்துக்கு எந்தத் தளமும் கதவைத் திறக்கும், அது வேறு. ஆனால் ஒரு மாணவன் ஒரு நாளைக்குப் பத்துமுறை இறங்கி ஏறிப் பழக வேண்டும், அதற்கு இந்த ஏற்பாடு சரிவராது. செஸ்னாவுக்கு 15 நாட் என்று பார்த்தோம், ஆனி ஆடிப் பிற்பகல்கள் அதிலேயே அடிபட்டுப் போகும். கரையோரம் நிறுத்தி வைக்கிற சின்ன விமானத்தை உப்பு தின்றுவிடும், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும், நல்ல தண்ணீருக்கு இங்கே குடமே வரிசையில் நிற்கிறது. கொஞ்சம் உள்ளே தள்ளிய இடம்தான் பயிற்சிக்குச் சரி. கல்யாணத்துக்கு ட்ரோன் விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உச்சிப்புளியைச் சுற்றி விடவே விடாதீர்கள், புறப்படுவதற்கு முன் ட்ரோன் எங்கே விடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பா பச்சையா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, நான் எந்தப் பக்கம்? உச்சிப்புளி, ஆனால் நிபந்தனையோடு. ஏடிஆர் இறங்குகிற அளவுக்கு ஓடுதளத்தை நீட்ட வேண்டும், அதற்குக் குறைந்த விமானத்தை வைத்துத் தொடங்கவே கூடாது. காலை ஆறரை முதல் எட்டரை வரை பயணிகள் விமானத்துக்கு என்று கடற்படையும் விமான நிலைய ஆணையமும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒன்று வந்து திரும்பிப் போனாலே போதும். மாலையில் காற்று இறங்கிய பிறகு இன்னொன்று, அதற்கு இரவு விளக்கும், கண்ணுக்குத் தரை தெரியாதபோது கருவியைப் பார்த்தே இறங்கி வரும் வசதியும் வேண்டும். கடற்படைக்கு அவசரம் என்றால் நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான், அதில் பேரம் இல்லை. காலை நேரம் கிடைக்காது, பிற்பகல் மட்டும்தான் என்றால் உச்சிப்புளியை விட்டுவிட்டு, கண்மாயைத் தொடாத இடம் கிடைக்கிற வரைக்கும் மதுரை ரோட்டையும் ஹெலிகாப்டரையும் வைத்து ஓட்டுவதே மேல்.

கருத்துக்கேட்பு, கிராம சபை என்று எந்தக் கூட்டம் நடந்தாலும் போய்விடுங்கள், நிலத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஓராண்டு முழுக்க மணிக்கு மணி அளந்த காற்றுக் கணக்கு இருக்கிறதா, அதை எங்கள் கண்ணில் காட்டுவீர்களா என்று கேளுங்கள். ஓடுதளம் எந்தத் திசையில் என்று கேளுங்கள். கடற்படைக்கு எந்தெந்த மணி, நமக்கு எந்தெந்த மணி, ஆடி மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு எந்த விமானத்தை இறக்கப் போகிறீர்கள், அது இறங்க முடியாமல் மதுரைக்குத் திரும்பினால் அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு பஸ் யார் விடுவது என்றும் கேளுங்கள்.